ஆப்ப வண்டி இல்லாத படங்கள்

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ராயபுரம் ரயில் நிலையத்தின் வாசலில் வந்து நிற்பார்கள். வணக்கம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். "மேடம், இந்த ஏரியா சேஃப்தானே?" என்பார்கள். நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான், இன்னும் உயிரோடு நிற்கிறேன் பாருங்கள் என்பேன். சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கேமரா வாரை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்வார்கள்.

வாரநாட்களில் நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க கன்டெய்னர் காகிதங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் வேறு ஆள். யாரோ பயன்படுத்திக் கழித்த கேமரா ஒன்றை வாங்கி, நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, புகைப்பட நடை என்று ஒன்றைத் தொடங்கினேன். ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, மீன்காரத் தெருக்கள் வழியாக நடந்து, கோயில் முனையில் முடியும். கோயில் முனை என்பது மாதா கோயிலுக்கு முன்னால் நாலு தெரு வந்து கூடும் இடம். பத்திரிகைக்காரர்கள் அதைச் சதுக்கம் என்று எழுதுவார்கள். எழுதிக்கொள்ளட்டும்.

ஏன் தொடங்கினேன் என்று கேட்டால், கோபத்தில்தான். வடசென்னை என்று போனில் தேடிப் பாருங்கள். கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகை வரும். எண்ணூர் சாம்பல் வரும். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் கத்தியோடு வருவான். மயிலாப்பூரைப் படம் எடுத்தால் கோபுரமும் கோலமும் பூக்காரியும். ராயபுரத்தை எடுத்தால் மட்டும் சாக்கடையா? எங்களிடம் கோபுரம் இல்லையா? எங்கள் பேச்சைக் கேட்டாலே சிரிப்பு வருகிறதாம். எங்கள் மாதா கோயிலைக் கட்டியது எந்தத் துரையும் இல்லை, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகு வலித்தவர்கள் தங்கள் கூலியில் கட்டியது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை எவன் படம் எடுத்து எவனிடம் சொன்னான்? சரி, நான் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

அதனால் என் நடையில் சில சட்டங்கள் உண்டு. குப்பையை எடுக்கக் கூடாது. கருவாடு காயவைக்கும் பெண்ணிடம் "சிரிக்காதீங்க, சோகமா இருங்க" என்று சொல்லக் கூடாது. ஒருவர் அப்படிச் சொன்னார். பாதி வழியிலேயே அவரைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். எங்கள் இடத்தை எவன் பார்த்தாலும் வாயடைத்துப் போக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அப்படி வாயடைக்க வைக்கும் படம் ஒன்று இருந்தது. ஞாயிறு முதல் பூசைக்கும் இரண்டாம் பூசைக்கும் நடுவில், கடல் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கோயில் முகப்பில் சரிந்து விழும். முனை முழுக்க வெறிச்சோடி, கழுவி விட்டதுபோல இருக்கும். அந்தப் படத்தை எடுக்கத்தான் அடையாறிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வந்தார்கள்.

வெறிச்சோடி இருக்கும் என்றா சொன்னேன்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. முனை வெறிச்சோடி இருக்காது. அங்கே ஓர் ஆப்ப வண்டி நிற்கும்.

கோயில் மதில் முடியும் மூலையில், விளக்குக் கம்பத்தை ஒட்டி அந்த வண்டி. நாலு சக்கரத் தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு அடுப்பு, தண்ணீருக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம். வண்டிக்காரப் பெண்மணிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எனக்கு அக்கா. தெருவுக்கே அக்கா. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, புருஷன் ஐஸ் பெட்டி தூக்கி இடுப்பு ஒடிந்து வீட்டோடு ஆனதிலிருந்து வண்டி போடுகிறாள். ஆப்பம், தேங்காய்ப்பால், வடகறி. காலை நாஷ்டா முடிந்தால் வண்டியும் முடிந்தது. அந்த வீட்டில் நாலு வயிற்றுக்கு அதுதான்.

என் முதல் நடையிலேயே ஒருவர் கேமராவை இறக்கிவிட்டு உச்சுக் கொட்டினார். "அந்த வண்டி மட்டும் இல்லேன்னா ஃப்ரேம் க்ளீனா இருக்கும் மேடம்." எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கோபம் அவர்மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டிமேல் வந்தது. நேராக அக்காவிடம் போனேன்.

"அக்கா, வண்டிய அந்தாண்ட சந்துல கொஞ்சம் தள்ளிக்கிறியா? இருவது நிமிசம்தான். படம் புடிச்சதும் வந்துடு."

அவள் சட்டியில் மாவைச் சுழற்றிக்கொண்டே என் பின்னால் நின்ற கும்பலைப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ பேரு வந்துகீறாங்க?"

"நம்ம கோயில பாக்கத்தான்."

"நம்ம கோயிலயா? அட்ரா சக்க" என்று அடுப்பை அணைத்தாள். டிரம்மை நான் தூக்கினேன், வண்டியை அவள் தள்ளினாள். அதற்கப்புறம் நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஞாயிறு காலை தெருக்கோடியில் எங்கள் கும்பலின் தலை தெரிந்தால் போதும், அவளே அடுப்பைத் தணித்துவிட்டு வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொள்வாள். படங்களை இணையத்தில் போட்டேன். ராயபுரமா இது என்று எழுதினார்கள். இத்தாலி மாதிரி இருக்கிறது என்று ஒருவர். அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்படியே சில வருடங்கள் ஓடின.

ஒரு நாள் மாலை ஆபீஸ் விட்டு வரும்போது அக்கா என் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். வண்டி இல்லாமல் அவளை அப்படித் தனியாகப் பார்த்ததே இல்லை. கோயில் முனையைச் சீர்படுத்தப் போகிறார்களாம். கல் பலகை, பூந்தொட்டி, இரும்பு வேலி. அதற்கு முன்னால் நடைபாதைக் கடைகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்திருக்கிறார். அதே இடத்தில் பல வருடமாகக் கடை போடுகிறோம் என்று காட்டினால் அடையாள அட்டை கிடைக்கும், அங்கேயே கோடு போட்டு இடம் கொடுப்பார்கள். காட்டாவிட்டால் வண்டியை எடுத்துவிட வேண்டும்.

"புச்சா போட்ட வண்டியான்னு கேக்கறான் அந்த ஆளு. கைய நீட்டிக் காமிச்சேன். சட்டி சுட்ட இந்தத் தழும்புலாம் புச்சா சார்னு கேட்டேன். கையெல்லாம் ஆதாரம் இல்லம்மான்றான். போட்டோ வோணுமாம், பழய போட்டோ. சனிக்கெயம வந்து பாப்பானாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் கம்முனு வந்துட்டேன். உன்னாண்ட இல்லாத போட்டோவா? வாரா வாரம் அங்கதானே புட்ச்சிகினு கீற. நாலு நல்லதா பாத்துக் குடு."

"தரேன்கா" என்றேன்.

உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு ஞாயிறாகப் பார்த்தேன். மழை ஞாயிறு, திருவிழா ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு. கோபுரம் இருந்தது, மதில் இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது. கம்பத்தின் அடியில் ஒன்றும் இல்லை. நடைக்கு வந்தவர்களின் வாட்ஸாப் குழுவில், வண்டி தெரியும் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஆளுக்கு ஐந்தாறு அனுப்பினார்கள். எல்லாம் அற்புதமான படங்கள். ஒரே ஒரு படத்தில் கம்பத்துக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. அக்காவின் டிரம் இருந்த இடம். டிரம்மைத் தூக்கியது நான்.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்களைக் குப்பையாகக் காட்டுகிறார்களே என்று ஊரோடு சண்டைக்கு நின்றவள் நான். ஊர் செய்யாததை நான் செய்திருந்தேன். குப்பை அள்ளுவதுபோல அவளை அள்ளி ஓரமாக வைத்திருந்தேன், வாராவாரம், சிரித்த முகத்தோடு. வெட்கமாக இருந்தது. வெட்கம் என்ற சொல் போதாது, ஆனால் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் வண்டிக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எந்தப் படத்திலும் நீ இல்லை அக்கா, நான்தான் உன்னை நகர்த்திவிட்டேன் என்றேன். அவள் கையிலிருந்த கரண்டி சட்டிமேல் நின்றது. அடுப்பில் இருந்த ஆப்பத்தின் ஓரம் பழுப்பாகிக் கருக ஆரம்பித்தது.

"ஒண்ணுல கூடவா இல்ல?"

"இல்லக்கா."

"நீ கேட்ட, நவுந்தேன். நம்ம பொண்ணு நாலு பேர இட்டாந்து நம்ம எடத்த காமிக்குதேன்னு நவுந்தேன். இப்போ நான் இங்க இல்லவே இல்லன்னு ஆயிப்போச்சா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "ஒண்ணு கேக்கறேன், மெய்யாலுமே சொல்லு. என் வண்டி கலீஜா கீதா?"

"இல்லக்கா. சத்தியமா அசிங்கம் இல்ல."

"அப்பால ஏன்?"

அவள் கருகிய ஆப்பத்தைச் சுரண்டிக் கீழே போட்டுவிட்டு, அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள். என்னைப் பார்க்கவில்லை.

பார்சலுக்கு நின்றிருந்த ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்தெருவில் இருப்பவள், மீன் ஏலத்துக்குப் போகிறவள். "இன்னாத்துக்குக்கா இதுக்குப் போய் பேஜாராவற?" என்றாள். "என் பொண்ணு புதுநன்மை போட்டோவுல நீ கீறியே. எங்க வூட்டு செவுத்துல மாட்டிகீது. உன் வண்டியும் கீது, உன் மூஞ்சியும் கீது."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நான் கோயிலுக்குப் போகிற குடும்பம் இல்லை என்பதால் அதைப் பார்த்திருந்தும் பார்க்காதவளாக இருந்திருக்கிறேன். பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் புதுநன்மை. அன்று காலையில் பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதையும் வைக்கவிடாமல் கூட்டி வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், தலையில் வெள்ளை வலை, ஆண் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை. பூசை முடிந்ததும் பசியில் கண் இருண்டு, நேராக அக்கா வண்டிக்கு ஓடி வரும் அந்தக் கூட்டம். புதுநன்மைப் பிள்ளைக்கு முதல் ஆப்பத்தை அக்கா சும்மாவே தருவாள். தேங்காய்ப்பால் வெள்ளை கவுனில் வழியும், அம்மாக்காரி திட்டுவாள், அப்பன்காரன் சிரித்துக்கொண்டே படம் எடுப்பான். அந்தப் படம் இல்லாத வீடு இந்தத் தெருக்களில் இல்லை.

எவனும் வண்டியை நகர்த்தச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது குறுக்கே நிற்கிற பொருளே இல்லை. அதைப் பார்த்துத்தான் ஓடி வந்தார்கள்.

ஆபீஸுக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். வீடு வீடாக ஏறினேன். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆல்பத்தைக் கேட்டதும் எந்த வீட்டிலும் சும்மா எடுத்துக் கொடுக்கவில்லை. உட்கார வைத்து, டீ கொடுத்து, இது மூத்தவன், இது சின்னவள், இவன் இப்போது துபாயில் என்று முதல் பக்கத்திலிருந்து காட்டினார்கள். ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையே கதவைத் திறந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண். படத்தில் வாய் நிறைய ஆப்பத்தோடு அழுதுகொண்டிருந்தாள். பின்னால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கறுத்த தலைமுடியோடு அக்கா நின்றாள். படத்தின் மூலையில் கேமரா போட்ட ஆரஞ்சு நிறத் தேதி இருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டில் அழுவதற்கு நான் யார் என்று அடக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை அதிகாரி கோயில் முனைக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், வெயிலில் வேர்த்துப் போயிருந்தார், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்கா வண்டியோடு தன் இடத்தில் நின்றாள். நான் ஒரு பெரிய கவருடன் நின்றேன். எங்களுக்குப் பின்னால் அம்மாக்காரிகள் ஆளுக்கொரு படத்தோடு வரிசையாக நின்றார்கள். கவரில் போட்டுக் கொடுங்கள் என்று நான் கேட்டும் பலர் கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளை படத்தை நாங்களே காட்டிக்கொள்கிறோம் என்று வந்துவிட்டார்கள்.

அவர் முதல் படத்தைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்தார். "நெட்ல இந்த எடத்தோட படம் நெறைய பாத்தேன். ஞாயித்துக்கெழம எடுத்தது, பல வருஷத்துப் படம். ஒண்ணுலகூட இந்த வண்டி கெடையாது. திட்டத்துக்கு அட்டைப்படமே இதுதான் வெச்சிருக்கோம்." போனை எங்கள் பக்கம் திருப்பினார். "திருவிழா அன்னிக்கு ஒரு நாள் வந்து கடை போட்டுட்டு, வருஷம் முழுக்கப் போட்டேன்னு சொன்னா எப்டிம்மா?"

திரையில் இருந்தது என் படம். அந்தச் சரிந்த வெளிச்சம், அந்தக் கழுவி விட்ட முனை. இத்தாலி.

அக்கா அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவள் நான்.

"சார், அது நான் எடுத்த படம்."

"நீங்களா? நல்லா இருக்குங்க" என்றார்.

"நல்லா இல்ல சார். அது டூப்பு. இந்த வண்டி டெய்லி இங்கதான் நிக்குது. படம் சோக்கா வரணும்னு நான்தான் இருவது நிமிசம் தள்ளச் சொன்னேன். அந்த இருவது நிமிசத்தத்தான் நீங்க பாத்துகினு கீறீங்க. எல்லா ஞாயித்துக்கெயமயும் அந்த இருவது நிமிசம்தான். மிச்ச நேரமெல்லாம் இந்தம்மா கைத் தழும்புல கீது." என் ஆபீஸ் தமிழெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெளியாட்களிடம் நான் இப்படிப் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன், நிறுத்தவும் தோன்றவில்லை. "நாளைக்கு வேலி போட்டு, இந்த மாதிரியே காலியா வெச்சிங்கன்னா, நான் சொன்ன பொய்ய நீங்க கல்லுல கட்டறீங்க சார்."

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

"இப்பவே குடுக்கறேன்."

"உங்க பேருக்குத்தாங்க அசிங்கம்" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆவட்டும் சார்."

வண்டியின் பலகைமேல் காகிதத்தை வைத்து எழுதினேன். படங்கள் என்னுடையவை, வண்டியை நகர்த்தச் சொன்னது நான், அவள் மறுக்காததால் என் வசதிக்காக வாராவாரம் அப்படிச் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேங்காய்ப்பால் கறை ஒன்று காகிதத்தில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அம்மாக்காரிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இது என் மொதப் பொண்ணு சார், தேதி கீது பாரு." "இது ரெண்டாவது பையன், நடுவுல ஆறு வருசம், அதே தார்ப்பா." "தோ, இதுல நானே கீறேன் சார், நான் புதுநன்மை வாங்கச்சொல எடுத்தது." அவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. கடைசியில் குறிப்பேட்டைத் திறந்து, விளக்குக் கம்பத்தின் எண்ணைப் படித்து எழுதிக்கொண்டார். அட்டை வரும் என்றார். இதே இடத்துக்குத்தான் வரும் என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி அவள் தோளைத் தட்டினாள்.

"அட்டைக்கு ஒரு படம் வேணும்" என்றார் அதிகாரி. "வண்டியோட, இதே எடத்துல நிக்கற மாதிரி." என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் போட்டோகிராபராச்சே. நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க."

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. இதைவிட வேறென்ன வேண்டும்? கேமரா வீட்டில் இருந்தது, ஓடிப்போய் எடுத்து வந்துவிடலாம். வெளிச்சம்கூட நன்றாக இருந்தது. "ரெண்டே நிமிசம்கா, தோ வந்துட்டேன்" என்று கிளம்பினேன்.

"நீ வாணாம்" என்றாள் அக்கா.

நின்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பைத் தூண்டிவிட்டுக்கொண்டே, தேங்காய்ப்பாலுக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "எழுதிக் குடுத்த, அத்த மறக்க மாட்டேன். ஆனா நீ எடுத்தா நான் அதுல இருக்க மாட்டேன்மா. வாணாம்."

மீன் ஏலத்துக்குப் போகும் அந்தப் பெண் தன் போனை இடுப்பிலிருந்து உருவினாள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கையில் கரண்டியோடு, வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றாள். சிரிக்கவில்லை. அந்தப் பெண் போனை நேராகக்கூடப் பிடிக்கவில்லை, ஒரே ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அட்டை வந்துவிட்டது. வண்டியின் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. கோயில் கோபுரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. வண்டி முழுசாக இருக்கிறது.